கைக்குழந்தையின் இரத்தச் சோதனை

நன்னிலம் வட்டாரத்து அங்கத்தினர் குடும்பங்களில் கருவுற்ற பெண்மணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யப்படுவதை நாம் யாவரும் அறிவோம். தாய்க்குத் தொற்று இருப்பின், குழந்தைக்கும் உண்டா என்பதே அடுத்த கவலை. அதனை அறியும் முறை பெரியோர்க்குரிய முறையன்று.

பெரியோர் இரத்தத்தில் வழக்கமாகத் தேடப்படுவது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளாகும். தாயின் எதிர்ப்பொருளோ கருவிலேயே குழந்தைக்கு வந்து, 18 மாதம் வரையிலும் தங்கக்கூடும். சென்ற போகத்தில் சிந்திய நெல் முளைத்து நிற்கும் வயலைக் கண்டு, இப்போகத்து விதைப்பு முடிந்ததென்று எவரேனும் கூறுவரோ? அப்படியாயின் 18 மாதம் பொறுத்திருக்கலாமே எனில், அதுவும் ஆகாது. தொற்றுற்ற குழந்தைகளுள் சிகிச்சை பெறாதவற்றில் ஏறத்தாழப் பாதி, இரண்டு வயது நிறையுமுன் இறந்துவிடுகின்றன.

ஆதலால் கிருமியின் மரபணுப் பொருளையே நேரே தேடுகின்றனர். ஆறாம் வாரத் தடுப்பூசிக்குச் செல்லும் சமயத்தில், குதிகாலில் சிறிது குத்தி, சில சொட்டு இரத்தத்தை ஒரு தடித்த தாளில் ஏற்றுவர். அத்தாள் தூய பருத்தியிழையால் ஆனது என்பது நெசவாள அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும். வெயில் படாமல் உலர்த்திய பின், பனிக்கட்டியின் உதவியின்றியே அதனைத் தொலைதூர ஆய்வகத்திற்கு அனுப்பலாம். அங்கே பி.சி.ஆர். என்னும் முறையால், கிருமியின் மரபணுத் துணுக்கு இருப்பின், அதனைப் பன்மடங்கு பெருக்கிக் காண்கின்றனர். நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010-ல் இத்திட்டத்தைத் தொடங்கியது.

தொற்று உண்டெனில் மறு மாதிரியும் எடுப்பர். அதன் முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போடுதல் தகாது. பிறந்த சில வாரங்களிலேயே சிகிச்சை தொடங்கியதால் குழந்தை மரணம் 76 சதவிகிதம் குறைந்ததென, தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியொன்று 2008-ல் காட்டிற்று.

இல்லையென முடிவு வந்தாலோ, நிம்மதியுற்று மறுமுறை வாராதிருப்பவர் பலர். இதுவே நமக்குப் பெருங்கவலை. தாய்ப்பால் வழியேயும் தொற்று வரலாமாதலின், 6, 12 மாதங்களிலும் சோதிக்க வேண்டும். 18 மாதத்திலோ, பால் மறந்து 3 மாதம் கழித்தோ, எது பிந்தியதோ அப்பொழுதே இறுதி முடிவு கூறுவர். அதற்காகத் தாமாகவே பாலை நிறுத்திவிடலாகாது. தாய் மருந்தைத் தவறாது உட்கொண்டால் ஆபத்து மிகவும் குறையும்.

ஊரார் அறிவரே என்னும் அச்சம் உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரது தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுதல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் சோதனைக்குக் கட்டணமில்லை.