காய்ச்சலைத் தணித்தல்: தீவிர சிகிச்சையில் ஒரு மறுநோக்கு

வெப்பமானி உயர்வு காட்டியதும் அதனைத் தணிக்க முற்படுதல் மருத்துவமனைகளில் ஊறிப்போன வழக்கம். காய்ச்சல் நோயன்று, நோயின் குறியே என்பது யாவரும் அறிந்தது. எனினும், தொற்றினால் உயிராபத்திலுள்ள நோயாளியிடத்து அக்குறியைத் தணித்தல் அவரது உயிரைக் காக்கின்றதா என்பது தனித்து ஆராயப்படவேண்டிய வினாவாகும்.

காய்ச்சல் உடலின் ஒழுங்குமீறல் அன்று. நுண்ணுயிர்களை எதிர்கொள்ளும் வெண்குருதிக் கலங்கள் வெளிவிடும் பொருள்கள், மூளையின் ஐப்போதலமசுப் பகுதியில் புரோஸ்ரகிளான்டின் தோன்றத் தூண்டுகின்றன. அதனால் உடல் பேணும் வெப்பநிலை எல்லை உயர்கின்றது. குளிரும் நடுக்கமும் அவ்வெல்லையை எட்டுதற்கான முயற்சிகளே. 1975 இல் குளூகரும் அவர்தம் குழுவினரும் பக்ரீரியாத் தொற்றுக்குள்ளாக்கிய பாலைநில இகுவானாக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து நோக்கினர். உயர் வெப்பநிலையில் இருந்தவையே மிகுதியாகப் பிழைத்தன.

மறுபுறம், ஒவ்வொரு பாகை செல்சியஸ் உயர்வுக்கும் உடலின் ஒட்சிசன் தேவை ஏறத்தாழ 10 வீதம் கூடுகின்றது. தளர்ந்த இதயமும் நுரையீரலும் இச்சுமையைத் தாங்குதல் அரிது. பயனும் கேடும் ஒரே நிகழ்வினுள் அடங்கியிருத்தலே இங்குள்ள முரண்பாடு.

மருத்துவப் பரிசோதனைகள் கூறுவது யாது? 2012 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், தொற்று அதிர்ச்சியுற்ற 200 நோயாளிகளுள் புறக்குளிரூட்டல் பெற்றோரின் 14 ஆம் நாள் இறப்பு 19 வீதமாகவும், ஏனையோரது 34 வீதமாகவும் இருந்தது. பின்னைய கட்டத்தில் அவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 700 நோயாளிகளிடத்து நடைபெற்று 2015 இல் வெளியான ஆய்வில், நாளவழிப் பரசிற்றமோல் பெற்றோருள் 15.9 வீதத்தினரும் பெறாதோருள் 16.6 வீதத்தினரும் 90 நாள்களுக்குள் இறந்தனர். வேறுபாடு இல்லையென்றே கொள்ளல் வேண்டும்.

எனவே, காய்ச்சலைத் தணித்தல் எல்லோர்க்கும் உரிய கட்டாய விதியாகாது. எல்லோர்க்கும் தவிர்க்கத்தக்கதும் ஆகாது. நோயாளியின் வேதனை, இதயத்தின் வலு, ஒட்சிசன் பற்றாக்குறை என்பவற்றை நோக்கியே அது தீர்மானிக்கப்படல் வேண்டும். மூளைக்காயமுற்றோரிடத்துக் காய்ச்சல் கட்டுப்படுத்தப்படுதல் பொதுவழக்கு. வெப்பத்தாக்கு முற்றிலும் வேறானது. அங்கு பரசிற்றமோல் பயன்தராது, உடனடிக் குளிரூட்டலே உயிர்காக்கும்.

வெப்பநிலை இறங்கியமை தொற்று அடங்கியமைக்குச் சான்றன்று. உரிய நுண்ணுயிர்கொல்லி காலந்தாழ்த்தாது வழங்கப்பட்டதா, குருதியமுக்கம் பேணப்பட்டதா, தொற்றின் உறைவிடம் அகற்றப்பட்டதா என்பனவே உயிரைத் தீர்மானிக்கும் வினாக்கள். ஆளணியும் வளமும் அருகிய மருத்துவமனைகளில் தாதியரின் நேரம் முதலில் இவற்றுக்கே உரியது. வெப்பமானியின் எண்ணன்று, நோயாளியே சிகிச்சைக்குரியவர்.