ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தானா?

இருபது வயது முழங்காலும் ஐம்பது வயது முழங்காலும் ஒரே வைத்தியத்தைக் கேட்பதில்லை.

எலும்பு மருத்துவரின் மேசைக்கு இரண்டு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகள் வருகின்றன. ஒன்று, கபடிக் களத்தில் கால் திருகி விழுந்த இருபது வயது இளைஞருடையது. மற்றொன்று, மாடிப்படி ஏறினால் வலிக்கிறது என்று வந்த ஐம்பத்தைந்து வயது ஆசிரியையுடையது. இரண்டிலும் கிழிசல் என்றே எழுதியிருக்கிறது. வீட்டில் போய் இருவரும் சொல்வதும் ஒன்றுதான்: “ஜவ்வு கிழிஞ்சிடுச்சாம்.”

ஆனால், இருவருக்கும் தேவையான சிகிச்சை வேறு வேறு. இது தெரியாததால், உடனே மருத்துவரிடம் போக வேண்டிய இளைஞர் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு மாதங்களைக் கடத்துகிறார். உடற்பயிற்சியிலேயே தேறக்கூடிய ஆசிரியை ஆபரேஷனுக்குப் பணம் புரட்டுகிறார்.

களத்தில் விழுந்த கால்

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நான்கு முக்கியத் தசைநார்கள் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றில் விளையாட்டு வீரர்களை அதிகம் முடக்குவது ‘ஏ.சி.எல்.’ எனப்படும் முன் சிலுவைத் தசைநார். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் சட்டென்று திரும்பினாலோ, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்கினாலோ அது அறுந்துவிடும். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே இது நடக்கிறது. உள்ளே ‘டப்’ என்று சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். மூட்டுக்குள் ரத்தம் கசிவதால் சில மணி நேரத்திலேயே முழங்கால் வீங்கிவிடும்.

மருத்துவரிடம் போகும்வரை ஓய்வும், துணி சுற்றிய ஐஸ் ஒத்தடமும், இறுக்கமில்லாத கட்டும் போதும். நீவுவதும் இழுத்துவிடுவதும் கூடாது. சில வாரங்களில் வீக்கம் வடிந்து நடக்க முடியும். சரியாகிவிட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். மீண்டும் களத்தில் இறங்கித் திரும்பும்போது மூட்டு நழுவும். எலும்புகளுக்கு நடுவே அதிர்வைத் தாங்கும் பிறை வடிவக் குருத்தெலும்பான மெனிஸ்கஸ், இப்படி நழுவும்போதெல்லாம் கிழியும் ஆபத்து இருக்கிறது.

ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா? சுவீடனில் 121 இளம் வயதினரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று வைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் கழித்தும் அறுவை தேவைப்படவில்லை. கபடி, கால்பந்து போன்ற ஆட்டங்களுக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கும், பயிற்சிக்குப் பிறகும் மூட்டு நழுவுகிறவர்களுக்கும் தசைநாரைப் புதிதாக அமைப்பதே பொதுவாக நல்லது. தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ நாண் எடுத்து, நுண்துளை வழியாகப் பொருத்துவார்கள்.

அதன் பிறகு குறைந்தது ஒன்பது மாதப் பயிற்சி வேண்டும். அதற்கு முன் களமிறங்குகிறவர்களுக்கு மறுபடி காயம்படும் வாய்ப்பு மிக அதிகம். இளைஞர்களுக்கு மெனிஸ்கஸும் கிழிந்திருந்தால் முடிந்தவரை தைக்கவே பார்க்க வேண்டும். ரத்த ஓட்டம் உள்ள வெளி ஓரம் தைத்தால் ஆறும். உள் ஓரத்துக்கு அந்த வசதி குறைவு.

தேய்ந்துவரும் மூட்டு

நடுவயதில் கதை மாறுகிறது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் ஐம்பது வயதைக் கடந்த 991 பேரின் முழங்கால்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. தலைமுடி நரைப்பதுபோல வயதோடு வரும் கிழிசல் அது. வலிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

பின்லாந்து மருத்துவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தேய்மானக் கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பகுதியினருக்குக் கிழிந்த பாகத்தை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆபரேஷன் செய்வதுபோல எல்லாம் செய்து, வெட்டாமல் விட்டார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்பும் ஒரே அளவுதான் தேறியிருந்தன. 2013-ல் வந்த இந்த முடிவு, ‘உள்ளே சுத்தம் செய்துவிடலாம்’ என்று சொல்லப்படும் ஆபரேஷனுக்கு முன் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

அப்படியானால் எது பலன் தரும்? தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, சில விநாடி நிறுத்தி இறக்குவதில் தொடங்கலாம். அடுத்தது எடை. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறையும். வெளியே போக முடியாதவர்களுக்குத் தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

இவையெல்லாம் செய்தும், மூட்டு மிகவும் தேய்ந்து இரவில் தூங்கவிடாத வலி, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாத நிலை என்றால், மூட்டு மாற்று அறுவைக்குத் தயங்க வேண்டாம். முழு மூட்டு மாற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது 25 ஆண்டுகள் உழைக்கிறது. 2017-ல் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தபின் செலவும் குறைந்திருக்கிறது.

உடனே மருத்துவமனைக்கு

* காய்ச்சலோடு மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கினால்
* காலை நீட்டவோ மடக்கவோ முடியாமல் மூட்டு பூட்டிக்கொண்டால்
* அடிபட்டபின் காலை ஊன்றவே முடியாவிட்டால்
* பாதம் சில்லிட்டோ மரத்தோ போனால்

மற்ற வலிகளில் ஆபரேஷனுக்கு அவசரம் வேண்டாம். ரிப்போர்ட்டை வாங்கியதும் மருத்துவரிடம் கேளுங்கள்: “என் வலிக்கு இந்தக் கிழிசல்தான் காரணமா? மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுத்தால் ஏதாவது கெடுதலா?” நல்ல மருத்துவர் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். அந்தப் பதில் கிடைக்கும்வரை ஆபரேஷனுக்குத் தேதி குறிக்காதீர்கள்.