கேள்வித்தாளோடு வருகிறவர்கள் யார்?

“சுவாமி, இவங்க பொலிசா, இல்ல வக்கீலா?”

மடுல்சீமைப் பக்கத்து லயமொன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய மகன் விளக்கமறியலில் இருந்தான். கேள்வித்தாளோடு வந்த இரண்டு இளம் பெண்கள், மகனைப் பிடித்த நாள், அவனிடம் கையெழுத்து வாங்கிய தாள், எத்தனை தவணை, பசறைக்கும் பதுளைக்கும் போய்வர ஆன பஸ் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் “தெரியாதுங்க” என்றே அந்தத் தாய் சொல்லி அனுப்பிவிட்டார். வன்னியில் காடு வெட்டிக் காணி செய்து, அதையும் விட்டு எழும்பி, மறுபடியும் மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது. பெயரை எழுதிக்கொண்டு போனவர்களால் அவர்களுக்கு நன்மை வந்ததில்லை. ஆகவே அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வந்தவர்கள் பொலிசாரும் அல்லர், வக்கீல்மாரும் அல்லர். அவர்கள் ஆய்வாளர்கள். குற்றம், கைது, நீதிமன்றம், சிறை ஆகியவை நடைமுறையில் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வது அவர்களுடைய தொழில். “யார் செய்தது?” என்று பொலிசார் தேடுகிறார்கள். “இவர் குற்றவாளியா?” என்று நீதிமன்றம் பார்க்கிறது. “ஒரே விதமான காரியம் ஏன் இத்தனை பேருக்கு நடக்கிறது?” என்று கேட்பவர் ஆய்வாளர். ஒரு மிளகாய்க் கன்று வாடினால் அந்தக் கன்றைப் பார்க்கிறோம். பாத்தி முழுவதும் வாடினால் மண்ணையும் தண்ணீரையும் அல்லவா பார்க்கிறோம்?

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, அப்போது அதன் ஆணையாளராக இருந்த அம்பிகா சற்குணநாதன் அவர்களின் தலைமையில், முதன்முதலாக நாடளாவிய சிறைச்சாலை ஆய்வொன்றை நடத்தியது. 2018இல் தொடங்கிய அவ்வேலையில் 20 சிறைச்சாலைகளுக்கு ஆய்வுக்குழு சென்று, கைதிகளோடும் அதிகாரிகளோடும் பேசியது. அறிக்கை 2020 டிசம்பரில் வெளிவந்தது. படுக்க இடமின்றி முறைவைத்து உறங்குவோர், மலசலகூடத்தில் படுப்போர், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 15 ஆண்டுவரை விளக்கமறியலில் இருந்தவர் என்று பல விடயங்கள் எழுத்தில் பதிவாகின. இவற்றை வீட்டாருக்குச் சொல்லி அழுத கைதிகள் முன்பும் இருந்தார்கள். ஆனால் ஒருவர் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடலாம். பல சிறைகளில் பலர் தனித்தனியே சொன்ன ஒரே சொல்லை அவ்வளவு இலேசாகத் தள்ள முடியாது.

எண்ணிப் பார்ப்பதன் பயனுக்கு இன்னொன்றும் சொல்லலாம். தண்டனை பெற்றுச் சிறைக்குள் வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே பல ஆண்டுகளாகக் காட்டி வந்துள்ளன. அதாவது, பெரும் குற்றவாளி என்று நாம் நினைத்துப் பயப்படும் ஆளைவிட, கையில் காசில்லாத ஆளே அந்த வாசலை அதிகமாக மிதித்திருக்கிறான். சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று குருமடத்தில் படித்தோம். அவர்களை எண்ணுவதைப் பற்றி எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கையெழுத்து வாங்கிய தாளைப் பற்றி ஏன் துருவிக் கேட்டார்கள் என்று அந்தத் தாய்க்கு விளங்கவில்லை. மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993இல் கைதானார். சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் அவர் பெருவிரல் அடையாளம் இட்டார். அம்மொழி அவருக்குத் தெரியாது. அதை வைத்து 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் 35 ஆகக் குறைக்கப்பட்டது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு கூறியது. நம் உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்க மறுத்துவிட்டது. எந்த மொழியில் எழுதினார்கள், வாசித்துக் காட்டினார்களா என்ற சிறு கேள்விக்குள் ஓர் ஆயுட்காலமே அடங்கியிருக்கிறது.

ஆய்வாளரால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. பண்டாரவளைக்குப் பக்கத்திலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமை நம்மில் யார் மறந்தார்கள்? 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில், அங்கிருந்த தமிழ் இளைஞர்களில் 25க்கும் அதிகமானோர் கும்பலொன்றினால் கொல்லப்பட்டனர். பொலிசார் அங்கேயே நின்றார்கள். நீதிபதி குலதிலக்க தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் ஐவரும் மேன்முறையீட்டில் விடுதலையாகிவிட்டனர். தண்டனை என்று எதுவும் மிஞ்சவில்லை. விசாரித்தவர்களும் ஆராய்ந்தவர்களும் எழுதி வைத்தவை மட்டும் மிஞ்சின. பிள்ளையை இழந்த வீட்டுக்கு அது போதாதுதான். ஆனால் அதுவும் இல்லாவிட்டால், அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சொல்ல ஆட்கள் வந்திருப்பார்கள்.

ஆகவே, அப்படி ஒருவர் உங்கள் லயத்துக்கோ கொட்டிலுக்கோ வந்தால், முதலில் நீங்கள் கேள்வி கேளுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், யார் அனுப்பியது, நான் சொல்வதை யார் பார்ப்பார்கள், என் பெயர் வெளியே வருமா என்று தயங்காமல் கேட்கலாம். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். நேர்மையான ஆய்வாளர் இதற்குக் கோபிக்க மாட்டார். உங்கள் சம்மதத்தைக் கேட்டே தொடங்குவார். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, பாதியில் நிறுத்தவும் செய்யலாம். பதில் சொன்னால் மகன் நாளைக்கே வருவான் என்று எவராவது வாக்குக் கொடுத்தால், அவரை நம்பாதீர்கள். மகனுடைய வழக்குக்கு உதவி வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாட்டுக்கு மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. இரண்டுக்கும் பதுளைக்குப் போனால் விபரம் அறியலாம்.

வழக்குத் துண்டுகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அந்தத் தாய் ஒரு பிஸ்கட் டின்னில் முதல் தவணையிலிருந்து எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். பஸ் டிக்கட்டுகள் கூட இருந்தன. அந்தப் பிள்ளைகள் இரண்டாம் முறை வந்தபோது, டின்னைத் திறந்து பாயில் கொட்டினார். எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.