அழைத்தலை அறிவது எப்படி?

குருவாக வேண்டும் என்ற ஆசை மட்டுமே இறையழைத்தல் ஆகிவிடாது. அந்த ஆசையைத் திருச்சபை சோதித்தறிய வேண்டும். இறைமக்களுக்கான பணியில் அது உறுதிபெற வேண்டும்.

பிரான்சு நாட்டில் 1786-இல் பிறந்த புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலத்தீன் மொழி அவருக்கு எளிதில் வரவில்லை. குருமடத் தேர்வில் தோற்றார. ஆனால் அவரது பக்தியை அறிந்த பங்குத்தந்தை பாலே, தாமே பாடம் கற்பித்து அவருக்காகப் பரிந்து பேசினார். 1815-இல் வியான்னி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1818-இல் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 230 பேர். பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேடி வந்தனர்.

அவருக்கும் சோதனை வந்தது. பங்குப் பொறுப்புக்குத் தாம் தகுதியற்றவர் என்று எண்ணி, தனிமையில் செபிக்க விரும்பி, ஒருமுறைக்கு மேல் ஆர்ஸை விட்டு வெளியேறினார். ஆனாலும் மக்களிடமே திரும்பி வந்தார். 1859-இல் இறக்கும்வரை, 41 ஆண்டுகள் அவர்களுக்குப் பணியாற்றினார். 1929-இல் திருச்சபை அவரைப் பங்குத்தந்தையரின் பாதுகாவலராக அறிவித்தது.

ஆம், அழைத்தல் திருநிலைப்பாட்டு நாளோடு முடிவதில்லை. தினமும் புதுப்பிக்கப்பட வேண்டியது. நம் பங்கில் ஓர் இளைஞர் குருமடம் செல்ல விரும்பினால், அவரது மதிப்பெண்ணை மட்டுமா பார்க்கிறோம்? பாலே அடிகளாரைப் போல் உடன் நடப்போம், அவருக்காகச் செபிப்போம்.