சூடு ஏறினால் கிளட்ச் பிரியவில்லையா?
ஆறுவதற்குள் கண்டுபிடியுங்கள்!

வைகாசி மாதம். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவில் தேரோட்டம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுச்சேரி கவர்னர் வடம் பிடித்து இழுத்த தேர் இது. கவர்னர் வடம் பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அன்று ஊரே திரளும். சாலையில் கார்கள் நத்தைபோல ஊரும்.

அப்படி ஊரும் காரில் சில சமயம் ஒரு கோளாறு வரும். கிளட்சை அடிவரை மிதித்தாலும் கியர் விழாது. "கர்ர்" என்று சத்தம் போடும். கியரில் நிற்கும் கார், தானாக முன்னால் இழுக்கும். முன்னால் போவதோ குழந்தை குட்டிகளுடன் நடக்கும் ஜனங்கள்!

அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தி, எஞ்சினை நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போடுங்கள். ஆட்களை வைத்து ஓரமாகத் தள்ளுங்கள்.

கார் ஆறியதும் கிளட்ச் சரியாகிவிடும். மறுநாள் பட்டறைக்குப் போனால் கோளாறு தெரியாது. காரணம் தெரியாமலே புது பிளேட் போட்டு, பணம் வீணாவதும் உண்டு.

கிளட்சின் வேலை என்ன?

எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். பெடலை மிதித்தால் இரண்டும் பிரிய வேண்டும். முழுதும் பிரியாவிட்டால் கியர் விழாது.

2 சோதனைகள்

கார் சூடாக இருக்கும்போதே இவற்றைச் செய்ய வேண்டும். சமதரையில், கை பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொள்ளுங்கள். காரின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக்கூடாது.

1. எஞ்சினை நிறுத்திவிட்டு கியர் போடுங்கள். சுலபமாக விழுந்தால், கோளாறு கிளட்சில்தான். அப்போதும் விழாவிட்டால் கியர் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

2. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்சை நாலைந்து முறை விட்டு விட்டு மிதியுங்கள். பிறகு கியர் விழுந்தால், எண்ணெய் அழுத்தத்தில் குறை. பிளேட்டைக் கழற்ற அவசரம் வேண்டாம்.

எண்ணெய் கொதிக்கும்!

இன்றைய கார்கள் பலவற்றில் பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோவது பிரேக் எண்ணெய். இது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புதிய "டாட் 3" எண்ணெய் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பழைய எண்ணெய் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். அதன் குழாய், புகைக்குழாய் அருகில் போனால் கேட்க வேண்டாம்! எண்ணெயில் ஆவிக் குமிழ் உண்டாகும். மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், கிளட்ச் பிரியாது. ஆறியதும் குமிழ் மறைந்துவிடும். பழைய எண்ணெயை மாற்றி, காற்றை வெளியேற்றினால் போதும்.

பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறதா? சிலிண்டரில் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம். அதை மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை மட்டும் அதில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

மாருதி 800 போன்ற கார்களில் எண்ணெய் கிடையாது, கேபிள்தான். கேபிள் தளர்ந்திருக்கிறதா, இழை பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே திறக்க வேண்டும். சூட்டில் பிளேட் வளைந்திருக்கலாம். தண்டின் முனையைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கலாம்.

பாதி கிளட்ச் வேண்டாம்

பாகூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் போகிறவர்கள், கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்து போவது உண்டு. பிளேட்டைச் சூடாக்கிக் கெடுப்பது இந்தப் பழக்கமே. இடைவெளி விட்டு நின்று, வழி கிடைத்ததும் போவது நல்லது.

கோளாறு மறுபடி வந்தால், கார் ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். மெக்கானிக்கை அங்கேயே அழைத்து, சூட்டோடு சூடாகக் காட்டுங்கள். பணமும் மிச்சம், உயிருக்கும் ஆபத்து இல்லை.