கல்லூரியும் கடலலையும்

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவந்ததும், எந்தக் கல்லூரியில் சேர்வது என்னும் பேச்சு வீடுதோறும் எழுகின்றது. நூலகம் எப்படி, ஆய்வுக்கூடம் எப்படி, விடுதிச் சாப்பாடு எப்படி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பர். அண்மைக் காலமாக மாணவர் சிலர் வேறொரு கேள்வியும் கேட்கின்றனர்: "அங்கிருந்து கடல் பக்கமா? அலைச்சறுக்குப் பழக முடியுமா?" இதைக் கேட்டவுடன் நகைக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. கல்லூரியில் விளையாட்டுத் திடல் உண்டா என்று கேட்பது முறையானால், அருகில் அலை உண்டா என்று கேட்பதும் முறையே. ஆனால் திடலுக்கு வேலியும் கதவும் காவலரும் உண்டு. கடலுக்கு அவை இல்லை. ஆகவே இக்கேள்விக்கு விடை கூறுமுன் சிலவற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

பொத்தேரியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயில் பாதையில் கூடுவாஞ்சேரியை அடுத்து உள்ள நிலையம் அது. 1985ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம், இன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவரை ஈர்க்கும் பல்கலைக்கழகமாக அங்கே வளர்ந்து நிற்கின்றது. சென்னை என்றால் கடற்கரை என்று எண்ணிக்கொண்டு தொலைவிலிருந்து வரும் மாணவர், ரயிலை விட்டு இறங்கியதும் கடல் எங்கே என்று தேடுவர். ஊர்ப் பெயரின் ஈற்றில் ஏரி என்னும் சொல் ஒலிக்கின்றதேயன்றி, கடல் கண்ணுக்கு எட்டுவதில்லை.

தேசப்படத்தைப் பிரித்து, பொத்தேரியிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு இழுத்தால், 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் அக்கோடு கோவளத்தின் அருகே கடலைத் தொடும். ஆங்கில ஏடுகளில் இவ்வூர் கவ்லாங் என வழங்கும். கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்தும் ஒரு கோவளம் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றுக்குப் பயணச்சீட்டு வாங்கியவர்களும் இருக்கக் கூடும்! நாம் பேசுவது செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் வந்து வாணிகம் செய்த துறை அது. 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றிய கோட்டையும் அங்கேதான் இருந்தது.

இந்த மீனவர் ஊர்தான் இன்று தமிழ்நாட்டில் அலைச்சறுக்கின் தலைவாயில். வெளிநாட்டார் வந்து கற்பித்ததால் மட்டும் அது அவ்வாறு ஆகிவிடவில்லை. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1875இல். அதற்கு முன் கப்பல்கள் உடையும் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மனிதரையும் பண்டத்தையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. அலை வரிசையில் எது பெரிது, எது சிறிது, எப்போது துடுப்பை அழுத்த வேண்டும் என்பதை நம் கட்டுமரக்காரர்கள் பரம்பரை பரம்பரையாக அறிந்திருந்தனர். அந்த அறிவுதான் பலகைமேல் நிற்பவனுக்கும் வேண்டியது. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன், சிறுவயதில் கிடைத்த மரப்பலகையைக் கொண்டே அலையில் ஏறிப் பழகியவர். பின்னர் 2012இல் அருண் வாசு அவர்களின் துணையோடு அங்கே பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மீனவச் சிறுவர் அதில் சேர வேண்டுமானால் குடியும் புகையும் கூடாது என்பது விதி. இன்று நகரத்துக் கல்லூரி மாணவன் கட்டணம் செலுத்தி, மீனவ இளைஞரிடம் மாணவனாக நிற்கின்றான். பல ஆண்டு வகுப்பறையில் கழித்த எனக்கு இக்காட்சி மிகவும் பிடித்திருக்கின்றது.

இனித் தொலைவின் கணக்கைப் பார்ப்போம். படத்தில் 20 கிலோமீட்டர். சாலையில் வண்டலூர் சென்று, கேளம்பாக்கம் வழியே கோவளம் சேர 30 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். பேருந்தில் சென்றால் வண்டலூரில் ஒருமுறையும் கேளம்பாக்கத்தில் ஒருமுறையும் மாற நேரிடும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். "பரவாயில்லை, வகுப்பு முடிந்து மாலையில் போய்வருவேன்" என்று நீங்கள் கூறலாம். அங்கேதான் பௌதிகம் குறுக்கிடுகின்றது.

இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்கின்றது. ஆதலின் விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். கரையை நோக்கி வரும் அலையின் முகத்தை அக்காற்றுத் தடவி வழவழப்பாக்கி, அது உடைந்து விழுவதைச் சற்றே தாமதப்படுத்தும். பகல் ஏற ஏற நிலம் சூடேறுகின்றது. கடற்காற்று எதிர்த்திசையில் புறப்பட்டு வருகின்றது. சென்னைவாசிகள் மகிழ்ந்து வரவேற்கும் அக்காற்றே நீர்ப்பரப்பைக் கலைத்து அலையைக் குழப்பிவிடும். ஆகவே அலைச்சறுக்குக்குரிய பொழுது பெரும்பாலும் சூரியன் எழும் நேரமும் அதையொட்டிய சில மணிகளுமே. ஜூன் மாதத்தில் நம் பகுதியில் காலை 5.45 மணியளவில் கதிரவன் உதிக்கின்றான். பொத்தேரி விடுதி மாணவன் அதற்குள் கோவளம் சேர வேண்டுமானால் 4 மணிக்குப் புறப்பட வேண்டும். அந்நேரத்தில் எந்த விடுதியின் வாயில் திறந்திருக்கும்? திரும்பி வந்து காலை வகுப்பில் உட்கார்வதும் இயலாது.

எனவே வாரநாட்களை மறந்துவிடுங்கள். சனிக்கிழமைகளும் ஞாயிற்றுக்கிழமைகளுமே எஞ்சுகின்றன. ஒரு பருவத்தில் தேர்வு வாரம், மழை, ஊருக்குப் போகும் நாள், உடல்நலக் குறைவு இவற்றைக் கழித்தால் 10 காலைகள் தேறும் என்று கொள்வோம். பொறியியற் படிப்பில் 8 பருவங்கள். ஆக 80 காலைகள். இது சிறிய எண்ணன்று. 80 காலைகளில் ஊக்கமுள்ள ஒருவன் எழுந்து நிற்கவும், திரும்பவும், அலையைத் தேர்ந்தெடுக்கவும் நன்றாகவே கற்றுவிடலாம். ஆனால் கோவளத்துச் சிறுவனுக்கு வீட்டு வாசலே கடல். அவன் ஓராண்டிற்குள்ளாகவே அத்தனை காலைகளையும் கடந்துவிடுவான். சர்வதேசப் போட்டிகளில் வெல்ல வேண்டும் என்னும் ஆசையோடு கல்லூரி தேடுபவர் இவ்வேற்றுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. ஆடவர் பிரிவில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அத்தகைய தேர்ச்சி வாரம் ஒரு காலையில் வருவதன்று.

அலை எங்கிருந்து வருகின்றது என்பதையும் சிறிது கூறவேண்டும். கரையில் நாம் காணும் பெரிய ஒழுங்கான அலைகள் பக்கத்துக் காற்றால் எழுந்தவை அல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்றுக்களில் பிறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வருபவை. நீர் பயணம் செய்வதில்லை. ஆற்றலே பயணம் செய்கின்றது. அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான ஆழமுள்ள இடத்திற்கு அது வந்ததும், அடிப்பகுதி தடைப்பட்டு மேற்பகுதி முந்திக் கவிழ்கின்றது. தெற்கிலிருந்து வரும் இவ்வலைகளை இலங்கைத்தீவு ஒரு சுவர்போல மறைப்பதால் பாக் நீரிணையை ஒட்டிய கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தொண்டியில் நின்று பார்ப்பவருக்குக் கடல் ஏரியாகவே தோன்றும். சென்னை முதல் புதுச்சேரி வரையுள்ள கரைக்கு அம்மறைவு இல்லை. மே, ஜூன் தொடங்கிச் செப்டம்பர் முடிய அலை சீராக வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு. அது புதியவர்களுக்கு உரிய காலமன்று. பொங்கலுக்குப் பிந்திய மாதங்களில் அலை சிறுத்துத் தணியும். முதற்பாடம் கற்க அதுவே ஏற்றது.

இத்தகைய அலைகளின் நெடும்பயணத்தை அளந்து காட்டியவர்களுள் ஒருவர் வால்டர் மங்க் என்னும் அமெரிக்க அறிஞர். கலிபோர்னியாவில், கடற்கரை மேலேயே அமைந்த ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை ஆறு நிலையங்களில் கருவிகளை வைத்து, தென்துருவக் கடலில் பிறந்த அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து செல்வதை அவர் குழு பதிவு செய்தது. அலையை விரும்பும் மாணவனுக்கு இப்படியும் ஒரு வழி உண்டு. நம் பள்ளிக்கரணையில் 1993இல் நிறுவப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் மிதவைகளை நிறுத்திக் கடலின் நிலையை அளந்துவருகின்றது. கிண்டி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கடற்பொறியியல் துறை இருக்கின்றது. இயந்திரவியல், மின்னணுவியல், கணினியியல் படித்தோர்க்கும் இத்துறைகளில் வேலை உண்டு. சனிக்கிழமை கண்ட அலையைத் திங்கட்கிழமை சமன்பாட்டில் காணும் மாணவனுக்கு, கடலருகே படிப்பது படிப்பிற்கே துணையாகும்.

இப்பொழுது, கூறக் கசப்பானதாயினும் கூறியே ஆகவேண்டியதற்கு வருகின்றேன். கல்லூரி மாணவர் கடலில் இறங்கி உயிரிழந்த செய்தி ஆண்டு தவறாமல் நாளேடுகளில் வருகின்றது. 2024 மே 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுபோயிற்று. கடல் சீற்றம் குறித்து எச்சரிக்கை முன்னரே வெளியாகியிருந்தது. மலையாள மீனவர் இத்தகைய சீற்றத்தைக் கள்ளக்கடல் என்பர். தொலைவில் பிறந்த நெடிய அலைகள், உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாத நாளில், கள்வன்போல் வந்து கரையேறுவதால் அப்பெயர். வானம் தெளிவாக இருப்பது கடலுக்குச் சான்றிதழ் அன்று. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரம், திசை, காலஇடைவெளி ஆகியவற்றை நாள்தோறும் முன்கூட்டி அறிவிக்கின்றது. புறப்படுமுன் அதைப் பார்க்க ஒரு நிமிடமே பிடிக்கும்.

மற்றோர் ஆபத்து, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குப் போக வழி தேடி, மணல் தாழ்ந்த இடத்தில் ஒரு வாய்க்காலாகப் பாயும். அவ்விடத்தில் அலை உடைவது குறைவு; சுற்றிலும் நுரை பொங்க, அங்கே மட்டும் நீர் கறுத்து அமைதியாகத் தோன்றும். புதியவர் அமைதியை நம்பி அங்கேயே இறங்குவர். இழுக்கப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டுக் களைத்துப் போகின்றனர். மூழ்குதலுக்குக் காரணம் பெரும்பாலும் அக்களைப்பே. ஓட்டம் அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியேறி, பிறகு அலையோடு கரை திரும்புவதே முறை. நீந்த வலுவில்லையேல் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இதைக் கோவளத்துப் பயிற்சியாளர் மணலில் கோடு கிழித்துக் காட்டிய பின்னரே பலகையைக் கையில் கொடுப்பாரானால், அவரை நல்லாசிரியர் என்று நம்பலாம்.

அப்படியானால் கடலுக்கு இன்னும் அருகிலுள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாமே என்பீர்கள். படூரிலும் காலவாக்கத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானாத்தூரிலும் கல்லூரிகள் உள்ளன. அங்கிருந்து கோவளம் பொத்தேரியைவிட மிகவும் பக்கம். இலங்கையில் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கடலோரத்திலேயே அமைந்தது; அறுகம்குடாவும் அதே அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆயினும் நீங்கள் விரும்பும் பாடம் பொத்தேரியில் நன்றாகவும் கடலோரத்தில் அரைகுறையாகவும் இருந்தால், பொத்தேரியையே தேர்ந்தெடுங்கள் என்பேன். அலைக்கு வாரம் ஒரு நாள் போதும்; பாடத்திற்கு ஐந்து நாள் வேண்டும். இரண்டும் ஒத்த தரமாயின் அருகிலுள்ளதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது, அலை பக்கமா என்று பொதுவாகக் கேளாதீர்கள். சனிக்கிழமை வகுப்பு உண்டா, விடுதி வாயில் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும், வெளியே செல்ல யாரிடம் அனுமதி பெறவேண்டும், வளாகத்தில் நீச்சற்குளம் உண்டா என்று கேளுங்கள். விடை கூறுபவர் மூத்த மாணவராயிருந்தால் இன்னும் நல்லது. பலகை வாங்கப் பணம் சேர்க்க வேண்டாம். பயில்வோர் பலகை 8, 9 அடி நீளம், அதைச் சுமந்துகொண்டு மின்சார ரயிலில் ஏற முடியாது. கோவளத்தில் வாடகைக்குக் கிடைக்கும். நீச்சலை மட்டும் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று இராதீர்கள். தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை இடையில் உள்ள கோடை மாதங்களில், உங்கள் ஊர்க் குளத்திலோ கிணற்றிலோ, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க, அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.