மண்வெட்டி எங்கே இறங்கலாம்?

வறண்ட கரட்டில் வளரும் விராலிச் செடி நமக்குப் பழக்கமானது. விராலிமலைக்கே அதனால்தான் பெயர் வந்தது என்பார்கள். அதே செடிக்கு ஹவாயில் அஅலிஈ என்று பெயர். அங்கே கஹோலாவே என்ற தீவில் இன்று அதை நட்டு வருகிறார்கள். கன்று உண்டு, ஆளும் உண்டு. ஆனால் குழி வெட்டும் முன் வரைபடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். தோண்டாதே என்று வரைபடம் சொல்லும் இடத்தில் மண்வெட்டி பட்டால் வெடிகுண்டு வெடிக்கலாம்.

மாவுயி தீவுக்குத் தென்மேற்கே 11 கிலோமீட்டரில் இருக்கிறது கஹோலாவே. பரப்பு சுமார் 117 சதுர கிலோமீட்டர், மிக உயர்ந்த இடமே 450 மீட்டர்தான். மாவுயியில் 3,055 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ஹாலேயாகாலா எரிமலை மழைமேகங்களை மறித்துக்கொள்வதால் இந்தத் தீவுக்கு வருவது மிச்சம் மீதிதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்திறங்கிய ஆடுகளும், பின்னால் வந்த பண்ணைக் கால்நடைகளும் பசுமையை மேய்ந்து தீர்த்தன. மேல்மண்ணைக் காற்று கொண்டுபோக, சிமென்ட் பூசியதுபோல் இறுகிய செந்தரை வெளியே தெரிந்தது. 1941இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை தீவைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 1976 முதல் ஹவாய் மண்ணின் மக்கள் தடையை மீறித் தீவில் இறங்கிப் போராடினார்கள். 1990இல் குண்டுவீச்சு நின்றது.

அடுத்துத் துப்புரவு. 40 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, ஏறக்குறைய பத்தாண்டு வேலை நடந்தது. தீவைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, கருவியால் தரையைத் தடவி, உலோகம் இருப்பதாகக் காட்டிய புள்ளிகளை ஜிபிஎஸ் உதவியால் குறித்துக்கொண்டு தோண்டினார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. எரிமலைப் பாறை சிதைந்து உண்டான மண் அது, இரும்புச்சத்து மிகுந்தது. கருவிக்குக் குண்டின் இரும்பும் மண்ணின் இரும்பும் ஒரே மாதிரி ஒலித்தன. தோண்டிப் பார்த்தால் பல இடங்களில் வெறும் மண்தான்.

வேலை முடிந்தபோது தீவின் முக்கால் பங்கில் மேற்பரப்பு சுத்தமாகியிருந்தது. அதற்குள் நாலடி ஆழம்வரை சுத்தமான நிலம் மொத்தத் தீவில் பத்தில் ஒரு பங்கு அளவே. மீதிக் கால் பங்கு தொடப்படவே இல்லை. இதற்கு மூன்று நிறம் பூசிப் பாருங்கள். தோண்டி நடலாம்; தரைமேல் நடக்கலாம், ஆனால் தோண்டக் கூடாது; போகவே கூடாது. காடு வளர்ப்புத் திட்டத்தின் அடித்தாள் இதுதான்.

அதன்மேல் வேறு தாள்களை அடுக்க வேண்டும். கண்ணாடித் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுபோல, கணினியில் இதைச் செய்யும் ஏற்பாட்டுக்கு ஜிஐஎஸ் என்று பெயர். ஒரு தாளில் செடிகொடிகள். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பியடிக்கும். வானிலிருந்து இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் பச்சை எங்கே, கட்டாந்தரை எங்கே என்று பிரித்துவிடலாம்.

இன்னொரு தாளில் மேடுபள்ளம். நிலத்தைச் சிறுசிறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றிலும் விழும் நீர் பக்கத்தில் எந்தச் சதுரம் தாழ்வோ அதற்குப் போகும் என்று கணினி கணக்கிடும். பல சதுரங்களின் நீர் வந்து சேரும் வழி எதுவோ, அங்கேதான் ஓடை அரிக்கும். அரிப்பு தொடங்கும் தலைப்பகுதியிலேயே தடுப்பைப் போட்டால் கீழே கடலோரப் பவளப்பாறைமேல் செம்மண் படிவது குறையும். மூன்றாவது தாள் காற்று. ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து ஒரே போக்காக வீசும் காற்றுக்கு ஒதுங்கிய சரிவு எது என்பதை அது சொல்லும்.

நல்ல சரிவு, ஒதுக்கமான இடம், ஓடையின் தலைப்பகுதி எல்லாம் பொருந்திவந்து, அடித்தாள் மட்டும் தோண்டாதே என்றால் என்ன செய்வது? இங்கே பிலி என்ற புல் கை கொடுக்கிறது. விதையோடு அறுத்துக் கட்டிய பிலிப் புல்கட்டுகளைக் காற்றுக்குக் குறுக்கே வெறும் தரைமேல் வரிசையாக வைக்கிறார்கள். பறந்துவரும் மண் கட்டில் மோதி ஒதுங்குகிறது. மழைநீர் கொஞ்சம் தேங்குகிறது. புல் விதையும் காற்றோடு வந்த விதையும் அந்த ஈரத்தில் முளைக்கின்றன. குழி வெட்டாமலே ஒரு பாத்தி உருவாகிவிடுகிறது.

தோண்டலாம் என்ற நிலத்தில் துளைக்கருவியால் குழியிட்டு விராலியையும், நம் கல்யாண முருங்கையின் உறவான விலிவிலி மரத்தையும் நடுகிறார்கள். கடலோரத்தில் படர்ந்திருக்கும் கியாவே மரம் நம் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி. அதன் குணத்தை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதை எந்தக் கட்டத்தில் வெட்டுவது, எதில் மண்ணைப் பிடிக்க விட்டுவைப்பது என்று முடிவெடுக்கவும் தாள்களைத்தான் விரிக்க வேண்டும்.

வரைபடம் வரைந்ததோடு வேலை முடிவதில்லை. புல்கட்டின் பின்னால் மண் சேர்ந்து பச்சை பிடித்ததும் செடிகொடித் தாள் மாறும், நீர் ஓடும் தாளும் மாறும். மாறாமல் கிடப்பது அடித்தாள் ஒன்றுதான். முளைத்த விராலியின் வேர் அந்தத் தாளைப் பார்க்காமல், மனிதன் மண்வெட்டி போடத் துணியாத ஆழத்துக்குத் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது.